பூச்சியத்துக்குப் போக மறுத்த கோடு

போன ஆவணியில் எங்கள் பௌதிகவியல் துறையின் இளம் விரிவுரையாளர் தர்சினி தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வவுனியாவில் துறையின் பழைய கணினி அறையை உடைத்து, பக்கத்து விரிவுரை மண்டபத்தோடு சேர்க்கப் போகிறார்களாம்.

"மிஸ், அந்தக் கோடு அந்த அறையிலதானே வந்தது? ஒருக்கா எழுதித் தாங்கோ. நாங்கள் படத்தைத் திரையில போட்டுக் காட்டிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுறம். எப்பிடி வந்ததெண்டு பிள்ளையள் கேட்டால் முழிக்கிறம்" என்றார்.

அந்தக் கோடு எனக்கு மட்டும் உரியதல்ல. உலகின் வேறு மூலைகளில் வேறு சிலரும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் வவுனியாவில் அது எப்படி வந்தது என்பதை நான்தான் சொல்ல முடியும். இதை எழுத உட்காரும்போதே மனம் துள்ளுகிறது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு வரைபு ஒருத்தியை இப்படி ஆட்டிவைப்பது நியாயமா என்று தெரியவில்லை.

கோடு எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அணுவின் நடுவில் இருக்கும் கருவில் புரோத்தன், நியூத்திரன் என்று இரண்டு வகைத் துணிக்கைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றை மட்டும் எடுத்து, சரிக்குச் சரி கலந்து, எல்லையில்லாத ஒரு கடல்போலப் பரப்பியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை அணுக்கருப் பொருள் என்போம். நியூத்திரனை மட்டும் பரப்பினால் அது நியூத்திரன் பொருள். இரண்டையும் ஐதாக்கிக்கொண்டே, அதாவது அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதுதான் என் வேலை. ஐது என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம். கருவின் அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு என்றாலும் அதில் ஒரு தேக்கரண்டி ஒரு கோடி தொன்னுக்கு மேல் நிறுக்கும். எங்கள் துறையில் அதற்குப் பெயர் 'குறைந்த அடர்த்தி'.

இந்தப் பைத்தியம் எனக்கு 1987இல் பிடித்தது. அந்த மாசி மாதத்தில் தென்வானில் ஒரு நட்சத்திரம் வெடித்த ஒளி தெரிந்தது. ஒளி தெரிவதற்கு முன்பே, அதிலிருந்து வந்த, எதையும் ஊடுருவிப் போகும் நியூத்திரினோ என்ற நுண்துணிக்கைகள் சில பூமியின் கருவிகளில் அகப்பட்டன. அப்போது நான் பட்டம் முடித்து, முல்லைத்தீவில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் பிந்தி வந்து சேர்ந்த ஓர் அறிவியல் சஞ்சிகையில் அந்தச் செய்தியைப் படித்தேன். வெடிக்கும் நட்சத்திரத்தைவிட்டு நியூத்திரினோக்கள் கழன்று வெளியேறும் இடம் இந்த ஐதான பொருள்தான் என்று ஒரு மூலையில் இரண்டு வரி இருந்தது. அந்த இரண்டு வரிக்காகச் சஞ்சிகையைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். இடம்பெயர்ந்தோம், திரும்பினோம், மீண்டும் இடம்பெயர்ந்தோம். எங்கே போனாலும் ஒத்திசைவுக் குழாய், மீற்றர் பாலம் என்று ஆய்வுகூடச் செய்முறைகள் படிப்பித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். குறித்த காலத்துக்குள் கலாநிதிப் பட்டம் முடித்தால்தான் நிரந்தர நியமனம் கிடைக்கும். முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு ஒருமுறை காலநீடிப்பும் தந்துவிட்டார்கள். அதன் கடைசி வருடம் 2003. மேற்பார்வையாளராக வாய்த்தவர் பேராசிரியர் சிவபாதம்.

சிவபாதம் சேர் உருத்திரபுரத்து வயற்காரக் குடும்பம். நெடிய மனிதர். சைக்கிளில்தான் வருவார். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார், அதனால்தான் அவர்மேல் பயம் அதிகம். அவரிடம் ஒரு வரைபைக் கொண்டுபோனால் மூன்று கேள்விகள் வரும். அலகு என்ன, எல்லையில் என்ன நடக்கிறது, ஒரு புள்ளியையாவது கையால் கணக்கிட்டுப் பார்த்தாயா. மூன்றுக்கும் பதில் இல்லாமல் அவர் தாளைத் தொடமாட்டார். கணினி தந்த விடை என்று சொன்னால், "அது தந்தது சரி, நீர் என்ன தந்தனீர்?" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வரைபை மேசையில் விரித்து, அதன் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். "இந்தக் கைக்குள்ள கோடு எங்க போகுது? சொல்லும்." சொல்லிய பிறகுதான் கையை எடுப்பார். சரியாகச் சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டார். பிழைத்தால் கையைத் திரும்ப வைத்துவிட்டு, "இன்னும் பாக்கேல்லை எண்டு வைப்பம்" என்பார். அது அவருடைய பெருந்தன்மை.

பல வருடம் மூடிக்கிடந்த ஏ-9 வீதி திறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. கிழமை முடிவில் பஸ் ஏறி முல்லைத்தீவுக்கு அம்மாவைப் பார்க்கப் போவேன். தம்பி யூட் கரைவலைத் தொழில். என் வேலை பற்றி அவனுக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

"அக்கா, நீ கணக்குப் போடுற அந்தச் சாமான் உலகத்தில எங்க இருக்கு?"

"உலகத்தில எங்கயும் இல்லையடா. நட்சத்திரம் வெடிக்கேக்க கொஞ்ச நேரம் இருக்கும்."

"அப்ப கணக்குப் பிழைச்சால் ஆருக்கு நட்டம்?"

"எனக்குத்தான். வேலை போகும்."

அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். "அப்ப இருக்கிற சாமான் ஒண்டைப் பாத்துக் கணக்குப் போட்டிருக்கலாமே" என்றான். அம்மா சிரித்த சிரிப்பில் குசினியில் எதுவோ கைதவறி விழுந்தது.

இனி அந்தக் கோட்டுக்கு வருகிறேன். குறைந்த வெப்பநிலை ஒன்றில், பல அடர்த்திகளுக்கு, ஒரு துணிக்கைக்கு எவ்வளவு சக்தி என்று கணக்கிட வேண்டும். வெப்பத்தின் பங்கைக் கழித்துவிடுவோம். சக்தி எதிர்க்குறியில் வந்தால் துணிக்கைகள் ஒன்றையொன்று பிணைத்திருக்கின்றன என்று பொருள். கிடைத்த புள்ளிகளைச் சேரின் பழைய கணினிச் செய்நிரல் ஒன்றில் கொடுத்தால் அது அவற்றின் ஊடாக ஒரு வழவழப்பான கோட்டை வரையும். நியூத்திரன் பொருளுக்கு அழகாக வரைந்தது. இரண்டு நியூத்திரன்கள் ஒட்டிக்கொள்ள மயிரிழைதான் குறை, ஆனால் ஒட்டாது. அந்த ஒட்டாத இழுப்பிலேயே அவற்றின் சக்தி, தம்பாட்டில் திரியும் வாயுவுக்கு இருக்க வேண்டியதில் ஏறத்தாழப் பாதியாக இறங்கிக் கிடக்கும். ஐதாக்க ஐதாக்கக் கோடு சமத்தாகப் பூச்சியத்துக்கு வந்து சேர்ந்தது.

அணுக்கருப் பொருளின் கோடு அப்படி வரவில்லை. ஐதாக்கும்போது மெல்ல மேலே ஏறி வந்தது, பிறகு மனம் மாறியதுபோலக் கீழே வளைந்தது, கடைசிப் புள்ளிக்கு அப்பால் தூண்டில் முள்போல மடங்கிப் பூச்சியத்தில் போய்க் குத்தியது. அச்சுப்பொறியிலிருந்து தாளைக் கிழித்தெடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்கை தூண்டில் முள் வரைவதில்லை.

செய்நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். நான் கொடுத்த புள்ளிகளுக்கு முன்னால் அது தானாக இன்னொரு புள்ளியைச் சேர்த்திருந்தது. அடர்த்தி பூச்சியம், சக்தி பூச்சியம். அதுவும் மற்றெல்லாப் புள்ளிகளையும்விட அதிகக் கனத்தோடு. இரண்டு அச்சுகளும் வெட்டுகிற இடத்தில் கோட்டைக் கட்டிப்போட்டிருந்தார் சேர். அதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் நாட்டில் உயர்தரச் செய்முறை செய்த எவரும் வரைபுத்தாளில் பென்சிலை முதலில் அந்த மூலையில்தான் வைப்பார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்பது எங்கள் கைக்கே தெரிந்த பாடம்.

அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டினேன். தூண்டில் முள் மறைந்தது. கோடு ஒரு தயக்கமும் இல்லாமல் கீழே இறங்கி இடது அச்சில் முட்டியது. முட்டிய இடம் எதிர்க்குறி ஏழு. எங்கள் அலகில், அதாவது எம்ஈவியில், ஏழு.

ஏழு என்ற எண்ணைக் கண்டதும் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் சேர்ந்த ஹீலியத்தின் கருதான் அல்பா துணிக்கை. அதைப் பிரிக்க இருபத்தெட்டு எம்ஈவி வேண்டும். இருபத்தெட்டை நான்கால் பிரித்தால் ஏழு. என் பொருள் ஐதாகி ஒன்றுமில்லாமல் போகவில்லை. நாலு நாலு பேராகக் கூடிக்கொண்டுவிட்டது.

மாதா கோயில் திருவிழா முடிந்து சனம் கலையும்போது பார்த்திருப்பீர்கள். மைதானத்தில் ஆட்கள் குறையக் குறைய, மிஞ்சியவர்கள் சம இடைவெளியில் தனித்தனியாக நிற்பதில்லை. குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். குடும்பங்களுக்கு இடையில்தான் வெறுமை. மைதானம் எவ்வளவு வெறுமையானாலும் ஒரு குடும்பத்துக்குள் இருக்கும் நெருக்கம் குறைவதில்லை. கோடு ஏன் பூச்சியத்துக்குப் போக வேண்டும்?

அடுத்த நாள் காலை சேரின் அறைக்குப் போனேன். அவருடைய வரி ஒன்றை நான் நீக்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் வழக்கம்போலத் தாளின் இடதுபக்கத்தைக் கையால் மூடினார்.

"சொல்லும்."

"எதிர்க்குறி ஏழு, சேர்."

கையை எடுத்தார், பார்த்தார், திரும்ப மூடினார். "அடர்த்தி பூச்சியம் எண்டால் அங்க ஆக்களே இல்லை. ஆக்களில்லாத வீட்டில ஆர் சண்டை பிடிக்கிறது, ஆர் கொஞ்சிறது?"

"ஆக்கள் இருக்கினம் சேர். வீடுகள்தான் தூரத் தூர இருக்கு."

"என்ர செய்நிரல் இப்பிடி வரையாதே."

"அதில ஒரு வரியை எடுத்துப்போட்டன்."

"எந்த வரி?"

சொன்னேன். அவர் வெளியே தன் சைக்கிளைப் பார்த்தார். பிறகு, "இருபது வருசமா அந்த வரி அதுக்குள்ள கிடக்கு. ஆரும் கேக்கேல்லை" என்றார். கோபமா என்று தெரியவில்லை. தாளிலிருந்து கையை எடுத்து, "கையால போட்டனீரோ?" என்றார்.

"ஓம் சேர். ஒரு புள்ளி."

"ஒண்டு காணாது. எழும்பும்."

அவருடைய அறைக் கரும்பலகையில் அன்று பிற்பகல் வரை நின்றோம். நான்கு துணிக்கைகள் ஒன்றாகச் சேர்ந்தால் இருபத்தெட்டு இலாபம். ஆனால் தனித்தனியாகத் திரியும் சுதந்திரம் போய்விடும். அந்தச் சுதந்திரத்தின் விலையை வெப்பநிலை தீர்மானிக்கிறது. வெப்பம் கூடினால் சுதந்திரம் பெறுமதியாகும், குறைந்தால் கூட்டு பெறுமதியாகும். சேர் ஒவ்வொரு படியிலும் குறுக்கிட்டார். திடீரென்று நின்று, நான் எழுதிய கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பிள்ளை, இந்தச் சமன்பாட்டிலேயே உமக்கு எதிரா ஒண்டு கிடக்கு. வெப்பநிலையை அப்படியே வைச்சுக்கொண்டு அடர்த்தியைக் குறைச்சுக்கொண்டே போம். என்ன நடக்கும்?"

பார்த்தேன். இடம் அளவில்லாமல் கூடும்போது சுதந்திரத்தின் பெறுமதியும் அளவில்லாமல் கூடும். ஏதோ ஓர் இடத்தில் குடும்பங்கள் உடைந்து எல்லாரும் தனித்தனியாகத் திரிவார்கள். கோடு மேலேறிப் பூச்சியத்துக்கே திரும்பும்.

"அப்ப நான் பிழையோ, சேர்?"

"தெரியேல்லை. நானும் பிழையோ எண்டு தெரியேல்லை" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இது தீராமல் ஆய்வேட்டில நான் கையெழுத்து வைக்கமாட்டன். உமக்குக் கிடக்கிற காலமும் எனக்குத் தெரியும். போய் ஓட்டும்."

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. கணினி அறைக் கூரை ஒழுகியதால் திரைக்கு மேல் ஒரு பொலித்தீன் விரிப்பைக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். ஒரே ஒரு வெப்பநிலையில் ஓட்டியதுதான் போதாமல் இருந்தது. கூடிய வெப்பநிலையில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு எடுத்தேன். இம்முறை அடர்த்தியையும் பத்திலொன்று, நூற்றிலொன்று என்று முன்பு நான் எட்டிப் பார்க்காத தூரத்துக்குக் கொண்டுபோனேன். மின்சாரம் போனால் முதலிலிருந்து. யூட்டின் கேள்வி அப்போதெல்லாம் காதில் கேட்கும். வீட்டுக்குத்தான் போகப் போகிறேன் என்று இரண்டொரு தடவை நினைத்தேன்.

கோடுகள் அனைத்தையும் ஒரே தாளில் அச்சிட்ட காலைப்பொழுதை மறக்கமாட்டேன். வெப்பமான பொருளின் கோடு ஏழின் பக்கமே போகாமல் பூச்சியத்துக்கு வந்தது. அடுத்தது கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு ஏறியது. அடுத்தது இன்னும் ஆழமாக இறங்கி, அச்சுக்கு மிக அருகில் வந்த பிறகே ஏறியது. வெப்பம் குறையக் குறைய, கோடுகள் எதிர்க்குறி ஏழில் நீளமாகப் படுத்திருந்து, அச்சை உரசிக்கொண்டு விருட்டென்று எழும்பின. அந்த எழும்பல் இடது ஓரத்தில் ஒடுங்கி ஒடுங்கி, வெப்பநிலை பூச்சியத்தில் இல்லாமலே போனது.

சேர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. முதலில் ஐதாக்கி, பிறகு குளிராக்கினால் பூச்சியம். முதலில் குளிராக்கி, பிறகு ஐதாக்கினால் எதிர்க்குறி ஏழு. எந்த வாசலால் உள்ளே போகிறோம் என்பதில் இருக்கிறது. தாளை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சேரின் அறைக்கு ஓடினேன். நாற்பத்துமூன்று வயதில் வளாகத்து வழியே மழையில் ஓடினேன்.

சேர் கையால் மூடவில்லை. தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து அதிக நேரம் பார்த்தார். "வடிவாயிருக்கு" என்றார். பேனையை எடுத்தார்.

வாய்மொழிப் பரீட்சை மார்கழி முதற் கிழமை நடந்தது. வெளிப் பரீட்சகர் கண்டியிலிருந்து வந்த பேராசிரியர் பரீதா, எங்களுக்குப் பரீதா மடம். சிறிய உருவம், பெரிய கண்ணாடி. மேற்பார்வையாளர் பரீட்சையில் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. சேர் பின்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பரீதா மடம் என் ஆய்வேட்டை நடுவில் திறந்தார். "இந்தப் பாடத்த நானும் கொஞ்சம் செஞ்சிருக்கேன். எங்கட கோடெல்லாம் பூச்சியத்துக்குத்தான் வரும். உங்கடது வரல்ல. எங்களுக்கெல்லாம் பிழையா?"

"பிழையில்லை மடம். நீங்கள் துணிக்கைகளைச் சமனாப் பரவச் சொல்லிக் கட்டாயப்படுத்தினியள். அப்பிடிக் கட்டாயப்படுத்தினால் பூச்சியம்தான். விட்டுப் பாத்தால் அதுகள் பரவாது, கூடும்."

"நியூத்திரன் மட்டும் ஏன் கூடல்ல?"

"புரோத்தன் இல்லாமல் அதுகளுக்குக் கூடத் தெரியாது மடம்."

அவர் சிரிக்கவில்லை. எந்த வாசலால் போவது என்ற படத்தைக் கரும்பலகையில் வரையச் சொன்னார். வரைந்தேன். யோகம் அக்கா, துறையின் எழுதுவினைஞர், தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மடம் குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். கோப்பையை வைத்தார். எழுந்து வந்து என்னிடமிருந்து வெண்கட்டியை வாங்கி, இன்னொன்றை எடுத்து என் கையில் தந்தார்.

"இது விளங்குது. ரெண்டுக்கும் இடையில என்ன? மொத்தம் நூறு துணிக்க, பத்து மட்டும் புரோத்தன். குளிர், ஐது. சொல்லுங்க."

இது ஆய்வேட்டில் இல்லை. யோசித்துக்கொண்டே எழுதினேன். பத்துப் புரோத்தனும் பத்து நியூத்திரனைப் பிடித்துக்கொள்ளும். "அஞ்சு அல்பா. மிச்சம் எண்பது நியூத்திரன் வாயுவா நிக்கும்."

"இருபது புரோத்தன்?"

"பத்து அல்பா. அறுபது நியூத்திரன்."

"சக்தி?"

"முந்தினதைப் போல இரண்டு மடங்கு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. புத்தகங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சக்தி புரோத்தன் பங்கோடு பரவளைவாக மாறும் என்றுதான் இருக்கும். ஒரு கிண்ணம்போல வழவழப்பாக. எங்கள் பலகையில் இருந்தது நேர்கோடு.

"கிண்ணம் இல்ல" என்றார் மடம். குரல் மாறியிருந்தது.

"ரெண்டு நேர்கோடு. ரெண்டு பக்கத்தாலயும் ஐம்பது புரோத்தனில வந்து கூரா முட்டும்" என்றேன்.

"அப்ப அந்தப் பரவளைவை வைச்சு நட்சத்திரக் கணக்குப் போட்டவையெல்லாம்—" பின்வரிசையிலிருந்து சேர் எழுந்து நின்றிருந்தார். விதி நினைவுக்கு வந்து வாயை மூடினார். மடம் திரும்பிப் பார்த்து, "நீங்களும் வாங்க சேர், அங்க நிண்டு என்ன செய்றீங்க" என்றார். அவர் கதிரைகளுக்கு இடையால் வந்த வேகத்தில் ஒன்று சரிந்து விழுந்தது. எடுத்து நிமிர்த்த ஒருவரும் போகவில்லை.

மூன்று பேரும் ஒரே பலகையில் எழுதினோம். ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்தோம். வெப்பத்தை மெல்லக் கூட்டினால் அந்தக் கூர் எப்போது மழுங்கும் என்பதில் சேருக்கும் பரீதா மடத்துக்கும் வாக்குவாதம். நான் கீழ் மூலையில் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பரீட்சிக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

யோகம் அக்கா வாசலில் வந்து நின்றார். "மடம், வாகனம் வந்து கனநேரமா நிக்குது. அந்தாள் பிறுபிறுக்குது. அதோட, மிஸ்ஸின்ர முடிவு என்னெண்டு சொன்னால் நான் அலுவலகத்துக்குச் சொல்லிப்போடுவன்."

மடம் பலகையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "முடிவா? அது தேத்தண்ணியோட முடிஞ்சிட்டு. பாஸ். டிரைவரச் சாப்பிடச் சொல்லுங்க." அதே மூச்சில் என்னைப் பார்த்து, "நாப்பது புரோத்தன் எண்டா?"

அழுத்திய வேகத்தில் வெண்கட்டி முறிந்தது. விரல்களுக்கிடையில் மிஞ்சிய துண்டால் எழுதினேன்: இருபது அல்பா, இருபது நியூத்திரன்.